பெரியவருக்கு ஏற்ற அம்புமுனை

அந்தப் பார்சல் வந்தபோது என் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. கைக்கு அடக்கமான பெட்டி. குலுக்கிப் பார்த்தால் உள்ளே ஏதோ லேசாகக் கிணுகிணு என்றது. தோடாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, ஒன்றும் தெரியாதவள் போல் அதை மேசைமேல் வைத்துவிட்டு, முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியைப் பிரித்தார். உள்ளே பஞ்சுப் படுக்கையில் மூன்று இரும்பு முனைகள் சாமி விக்கிரகம் மாதிரி படுத்திருந்தன. "பிராட்ஹெட்" என்றார், பெற்ற பிள்ளையைக் காட்டும் குரலில். அம்பின் நுனியில் திருகி மாட்டும் வேட்டை முனையாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சமையலறைப் பக்கமே போகவில்லை. அவர் மெகி நூடுல்ஸ் கிண்டிச் சாப்பிட்டார்.

இதற்கெல்லாம் காரணம் பகாவ் பக்கத்தில் இருக்கும் என் அண்ணன். வாழ்நாள் முழுக்கத் தோட்டத்தில் எண்ணெய்ச் செம்பனைக் குலை வெட்டியவர். தோட்டத்து எல்லையை ஒட்டி அவருக்குச் சொந்தமாக மூன்று ஏக்கர் உண்டு. அதில் நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த உயரமான மரங்களை எல்லாம் ஒரு நாள் திடீரென்று சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நட்டார். பைத்தியமா பிடித்திருக்கிறது என்று நாங்கள் எல்லாரும் மாறி மாறிக் கேட்டோம். புது ரகம், மகசூல் கூட வரும் என்று ஒரே பதிலைச் சொல்லி வாயை அடைத்துவிட்டார்.

கன்று மண்ணில் இறங்கிய அன்றே செய்தி காட்டுக்குப் போய்விட்டது போலிருக்கிறது. காட்டுப்பன்றி வர ஆரம்பித்தது. அது இலையைத் தொடாது. மூக்கால் மண்ணைக் கிளறி, கன்றைச் சாய்த்து, அடியில் இருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் பதமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகும். அதில் ஒன்று, எருமைக்கன்று அளவுக்கு வளர்ந்த ஆண் பன்றி. அண்ணன் தகரம் அடித்துப் பார்த்தார், கம்பி கட்டினார், முடிவெட்டும் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக முடி வாங்கி வந்து தூவினார், ரேடியோவை விடிய விடிய அலறவிட்டார். பன்றிக்குப் பாட்டு பிடித்திருந்தது. துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர்களைக் கூப்பிட்டுச் சுடச் சொன்னார். அந்தச் சத்தத்தில் இரண்டு வாரம் வராமல் இருந்தது. பிறகு குடும்பத்தோடு வந்தது.

"இன்னொரு தடவ கன்னு நட என்னால முடியாது பாப்பா. நெலத்த வித்துட்டு ஒங்க பக்கமே வந்துர்றேன்" என்று அண்ணன் போனில் சொன்னார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நிலத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மம்பாவில் எங்கள் வீடு வரிசை வீடு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்து வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். அண்ணனோ கதவைத் திறந்துபோட்டுத் தூங்கிப் பழகியவர். எங்கள் பின்னறையில் அவரை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரர், "நான் இருக்கேன் மச்சான், கவலைய விடுங்க" என்று போனைப் பிடுங்கிச் சொன்னார். அவர் ஏர்கான் மாட்டுகிறவர். சிரம்பானில் பிறந்து வளர்ந்தவர். அதுவரை அவர் நேரில் பார்த்த காட்டுப்பன்றி எல்லாம் தட்டில் பிரட்டலாகத்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் வில் பழகும் திடலுக்குப் போய் இரண்டு வருடமாகக் காகிதத்தைக் குத்திக்கொண்டிருந்தார். காகிதம் திருப்பிப் பாய்ந்து வராது என்று நான் எடுத்துச் சொன்னேன். யார் கேட்டார்கள். அண்ணனுக்கும் ஒரு பழைய வில் வாங்கிக் கொடுத்துவிட்டார். அனுமதிக்காக அண்ணன் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தது தனிக் கதை, அதைக் கேட்டால் அவருக்கு இன்றைக்கும் முகம் சிவக்கும்.

வில் வந்தது, அனுமதி வந்தது, இனிப் பன்றி வர வேண்டியதுதான் என்று நினைத்தேன். முனை எது என்பதில் எல்லாம் நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரர் வாங்கியது விரியும் முனை. பறக்கும்போது அலகுகள் உள்ளே மடங்கி இருக்கும். இலக்கில் பட்டதும் குடை மாதிரி விரிந்து பெரிய காயம் உண்டாக்கும். காற்று இழுக்காது, நேராகப் போகும் என்பது அவர் கட்சி. அண்ணன் வாங்கியது விரியாத முனை. ஒரே துண்டு இரும்பு, இரண்டு பக்கமும் தீட்டிய கூர், கத்தி மாதிரி எப்போதும் வெளியே நிற்கும். பன்றியின் தோளில் தோலுக்கு அடியில் குருத்தெலும்பு கேடயம் போல் இருக்கிறது, அதன்மேல் சேறு வேறு காய்ந்து கிடக்கும், விரிகிற வேலையிலேயே உங்கள் முனைக்கு மூச்சு வாங்கிவிடும் என்பது அவர் கட்சி. இரண்டு பேருக்கும் இந்த ஞானம் எல்லாம் போனில் வீடியோ பார்த்து வந்தது. இருவரும் ஒரே வீடியோவைத்தான் பார்த்தார்கள் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

மாதக்கணக்கில் பேசினார்கள். நாங்கள் பகாவுக்குப் போனால் டவுனில் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் சாப்பாட்டுக் கடையில்தான் மாநாடு. கடை பாய், ரொட்டி சானாய் போடும் இடத்தில் பன்றிப் பேச்சு வேண்டாம், மற்ற வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்று நயமாகச் சொன்னார். நியாயம்தானே. அன்றிலிருந்து பன்றிக்குப் "பெரியவர்" என்று பெயர். பெரியவர் நேற்று தெற்கு மூலையில் வந்திருந்தார், பெரியவருக்கு இந்த முனை தாங்காது என்று மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள். பாய்க்கும் அது பிடித்துப்போய்விட்டது. ஆற்றிய தே தாரிக் டீயை வைக்கும்போது, "பெரியவரு நல்லா இருக்காரா?" என்று அவரே விசாரிக்க ஆரம்பித்தார்.

முனையின் கூர் போதுமா என்று பார்க்க, கை முடியை மழித்துப் பார்ப்பது வழக்கமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நற்கருணை வாங்க இரண்டு பேரும் முன்னும் பின்னுமாகப் போகிறார்கள். இருவருக்கும் இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை குழந்தையின் கன்னம் போல் வழவழவென்றிருந்தது. ஃபாதர் ஒரு கணம் நின்று பார்த்தார். ஏதோ குடும்ப நேர்த்திக்கடன் என்று நினைத்திருப்பார்.

பிறகு சோதனை. தோலோடு ஒரு பன்றித் தொடை வாங்கி வந்து, அண்ணன் வீட்டுப் பின்புறம் பழைய டயரில் கட்டித் தொங்கவிட்டார்கள். என் வீட்டுக்காரர் எய்தார். துளை பெரிதாக விழுந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்துப் பெருமைப்பட்டார். அடுத்து அண்ணன் எய்தார். அம்பு தொடையை விட்டுவிட்டு, டயரை விட்டுவிட்டு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த அண்ணியின் நைட்டியைத் துளைத்துக்கொண்டு வாழைத்தோப்புக்குள் போனது. விரியாத முனையைக் காற்று இழுக்கும், அதுதான் என்றார் அண்ணன். இலை அசையவில்லை. என் வீட்டுக்காரர் ஆமாம் மச்சான், இந்தப் பக்கம் காத்து ஜாஸ்தி என்று பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டு, எய்வதை அத்தோடு நிறுத்தி மறுபடி பேச்சுக்கே திரும்பினார். அண்ணி அந்த நைட்டியையே ஒரு வாரம் திரும்பத் திரும்ப உடுத்தி, துளை தெரிகிற பக்கத்தை அண்ணனுக்கு நேராகக் காட்டிக்கொண்டு நடந்தார். தொடையை நான் குழம்பு வைத்தேன். நடுவில் ஓட்டை இருந்தாலும் ருசிக்குக் குறைவில்லை.

கடைசியில் தீர்ப்புச் சொல்ல என்னிடம் வந்தார்கள். நான் செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். உலோகத் துண்டுகளைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பிசிறு, கீறல் பார்த்துத் தள்ளுவது என் வேலை. ஆகவே நான் நிபுணராம். ஒரு பக்கம் புருஷன் முனை, ஒரு பக்கம் அண்ணன் முனை. எதைச் சொன்னாலும் ஒரு வீட்டில் எனக்குச் சோறு கிடையாது. இரண்டிலும் நன்றாகக் காய் நறுக்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

இப்படி அவர்கள் பேசப் பேச அங்கே கன்றுகள் விழுந்துகொண்டே இருந்தன. ஒரு மூலை முழுக்கக் காலியாகிவிட்டது. அண்ணனோ எப்போது கேட்டாலும், முனை முடிவாகட்டும், முடிவாகட்டும் என்பார். எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. பெரியவருக்கு வயதாகி அவராகவே செத்தால்தான் உண்டு என்று ஒரு நாள் கத்திவிட்டேன். அதன் பிறகு ஒரு சனிக்கிழமை நாள் குறித்தார்கள்.

குறித்த நாளுக்கு முந்தைய நாள் ஆயுத பூசை. நாங்கள் வேதக்காரர்கள். ஆனால் அண்ணி கல்யாணத்துக்கு அப்புறம் ஞானஸ்நானம் வாங்கியவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவார், ஜெபமாலை சொல்வார், எல்லாம் சரி. ஆயுத பூசை வந்தால் மட்டும் கை சும்மா இருக்காது. அரிவாள், மண்வெட்டி, மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவார். சோறு போடுகிற சாமானுக்கு ஒரு பொட்டு வைத்தால் இயேசு சாமி கோபித்துக்கொள்ள மாட்டார் என்பது அவருடைய வேதாகமம். ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஃபாதரின் காருக்கே ஒரு வருடம் பொட்டு விழுந்தது. அவரும் துடைக்காமல்தான் ஓட்டிக்கொண்டு போனார்.

அன்று வீட்டு முன்புற அஞ்சடியில் இரண்டு வில்லும் அம்புகளும் தொங்கிக்கொண்டிருந்தன. அண்ணியின் கண்ணில் படாமல் இருக்குமா? கன்றைக் காப்பாற்றப் போகிற ஆயுதம் அல்லவா, மற்றதற்கு வைத்ததைவிடத் தாராளமாகவே குழைத்து அப்பியிருந்தார். அப்பிய சந்தனத்தை யாரும் கழுவக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது சட்டம். எங்கள் குடும்பத்தில் அண்ணி வைத்த பொட்டைத் துடைக்கிற தைரியம் ஆண்பிள்ளை எவனுக்கும் கிடையாது. மறுநாள் அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

நானும் கூடப் போனேன். இவர்கள் இரண்டு பேரையும் தனியாக விட்டால் பரணிலும் முனையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வெயில் இறங்கும் நேரம். இரும்புக் குழாயால் கட்டிய பரண். இரண்டு பேர் உட்காரக் கட்டியதில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கொசு பிய்த்தது. பேசக் கூடாது என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். அதனால் இருவரும் கையால் ஜாடை காட்டி விவாதித்தார்கள்.

வெளிச்சம் மங்குவதற்குள் பெரியவர் வந்தார். தனியாக, அவசரமில்லாமல், சொந்த நிலத்தைப் பார்க்க வருகிறவர் போல் வந்தார். முதுகு முழுக்கக் காய்ந்த சேறு. நேராக ஒரு கன்றின் அடிக்குப் போய் மூக்கை வைத்தார். என் வீட்டுக்காரர் மெல்ல எழுந்து, மூச்சை இழுத்து, வில்லை வளைத்து எய்தார். அம்பு சரியாகத் தோளில்தான் பட்டது. டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கம்பு எறிந்த மாதிரி சறுக்கிப் பக்கத்தில் விழுந்தது. பெரியவர் தோளை ஒரு தடவை சிலிர்த்துக்கொண்டு, யாரோ வழியில் தெரியாமல் இடித்துவிட்டது போல் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி கன்றுக்குப் போனார்.

அடுத்த அம்பை எடுத்து நகத்தால் முனையின் அலகை நெம்பிப் பார்த்தார் இவர். அசையவில்லை. மடிப்புக்குள் போன சந்தனம் காய்ந்து சிமெண்டாக இறுகியிருந்தது. மூன்றிலும் அதே கதி. விரியும் முனை இனி விரியாது. நான் தாவணிப் பருவத்துக்குப் பிறகு அவ்வளவு பாடுபட்டுச் சிரிப்பை அடக்கியதில்லை. என் வீட்டுக்காரர் அண்ணனைப் பார்த்து, நீங்கள் எய்யுங்கள் என்று தலையை ஆட்டினார்.

அண்ணன் எழுந்தார். அம்பைத் தொடுத்தார். நாணைப் பிடித்து இழுத்தார். பாதி வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வில் நடுங்கியது, கழுத்து நரம்பு எல்லாம் புடைத்தது. மெதுவாக நாணைப் பழையபடி விட்டார். இன்னொரு தடவை இழுத்தார். இந்தத் தடவை பாதிகூட வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். என் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

கீழே கன்று ஒன்று சாய்ந்தது. அண்ணன் எங்களைப் பார்க்கவில்லை. தன் அம்பிலிருந்து முனையைத் திருகிக் கழற்றினார். நல்லவேளையாக எல்லா முனைக்கும் திருகும் மறை ஒன்றுதான். அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். என் வீட்டுக்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் அதை எடுத்துத் தன் அம்பில் மாட்டிக்கொண்டே, "சரி மச்சான், நீங்கதான் ஜெயிச்சீங்க. ஒங்க முனையே போடுறேன்" என்று காதோடு சொன்னார்.

எய்தார். இந்தத் தடவை டக் என்ற சத்தம் இல்லை. பெரியவர் ஒரு முறை துள்ளி, வாய்க்கால் பக்கம் ஓடினார். புதர் சரசரத்தது. பிறகு அதுவும் நின்றது.

அடிபட்டதை உடனே தேடிப் போகக் கூடாது, அரை மணி நேரமாவது பரணிலேயே காத்திருக்க வேண்டும் என்பது வேட்டைக்காரர்களின் விதி. உயிர் இருந்தால் திரும்பிப் பாயும். ஆகவே மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல், எழுந்து போகவும் முடியாமல், தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"எத்தன நாளாண்ணே?" என்று நான்தான் கேட்டேன்.

ரொம்ப நாளாக என்றார். குலை வெட்ட அரிவாள் கட்டிய நீளக் கழியைத் தூக்கித் தூக்கி வலது தோள் தேய்ந்துபோனது, தலைக்கு மேல் கை போகாது, சட்டை போடவே அண்ணி உதவி வேண்டியிருக்கிறது என்று, வேறு யாருடைய வியாதியையோ சொல்வதுபோல் சொன்னார். பிறகு கீழே சாய்ந்து கிடந்த கன்றைக் காட்டினார்.

"புது ரகமும் இல்ல ஒண்ணும் இல்ல பாப்பா. பழைய மரம் எல்லாம் ஒசரம். அண்ணாந்து கழி தூக்கணும். கன்னு வளந்தா இடுப்பு ஒசரத்துல காய்க்கும், நின்ன வாக்குல உளியால குத்தி எறக்கிடலாம் லா. அதுக்குத்தான் வெட்டுனேன்."

அந்த மூன்று ஏக்கரிலும் விழுந்து கிடந்த ஒவ்வொரு கன்றும் என் கண் முன்னால் வந்தது. மகசூல் கதையை நம்பியவள் நான். முனை முடிவாகட்டும் என்று அவர் நாளைக் கடத்தியதை மந்தப்புத்தி என்று நினைத்துக் கத்தியவளும் நான். ஆத்திரத்தை யார்மேலாவது காட்ட வேண்டுமே, வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். உங்களுக்கு இது தெரியுமா என்றேன்.

நைட்டி துளைபட்ட அன்று நாண் பாதிதான் வந்தது, அப்போதே தெரியும் என்றார் கொசுவை அடித்துக்கொண்டே. அவருக்குத் தெரியும் என்பது தனக்கும் தெரியும் என்றார் அண்ணன். பின்னே எதற்கு இத்தனை மாதம் ஊரே கேட்கச் சண்டை போட்டீர்கள் என்று கேட்டேன். ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். பேசிக்கொண்டிருக்கும் வரைக்கும் அண்ணன் வில்லை எடுக்க வேண்டியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் மெல்லப் புரிந்தது. விரியும் முனைக்காக அந்த மனுஷன் அப்படித் தொண்டை வறண்டு வாதாடியதும் அதற்காகத்தான்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே, குட்டை மரமும் ஒரு நாள் உயரமாகிவிடுமே அண்ணே, அப்போது என்ன செய்வீர்கள் என்றேன். அதற்குப் பத்து வருடம் ஆகும், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர்.

"அதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிடுவேன். நான் வந்து வெட்டுறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஏர்கானைத் தவிர எதையும் தலைக்கு மேல் தூக்கியறியாத ஆள். "ஒங்களுக்கு அருவா புடிக்கவே தெரியாதே மாப்ள."

"எந்த அருவா நல்லதுன்னு இப்பவே பேச ஆரம்பிச்சா, பத்து வருசத்துல முடிச்சிடலாம் மச்சான்."

அண்ணன் சிரிக்க வாயைத் திறந்தார், சிரிப்பு பாதியில் உடைந்து வேறு என்னவோ ஆகிவிட்டது. இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஒன்றும் கவனிக்காதவர் போல, வளைந்த அரிவாள்தான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது என்று ஆரம்பித்தார். வளைந்ததில் ரெண்டு வகை இருக்கு லா, அது தெரியுமா மொதல்ல என்றார் அண்ணன், கையை முகத்திலிருந்து எடுக்காமலே. அரை மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. நான் அவர்களை அவசரப்படுத்தவில்லை.